குப்பை மேட்டு மக்களும் நமது தொண்டும்



சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குச் செல்லும் பழைய சாலையில், கேளம்பாக்கத்துக்குச் சற்று வடக்கே படூர் என்னும் சிற்றூர் உள்ளது. அதுவே நான் வாழும் ஊர். என் இளமையில் சாலையின் இருபுறமும் நெல்வயல்களும் பனைமரங்களும் ஏரி நீருமே கண்ணுக்குத் தெரியும். இன்றோ அடுக்குமாடி வீடுகளும் கல்லூரிகளும் கணினி அலுவலகங்களும் வரிசையாக எழுந்து நிற்கின்றன. மக்கள் பெருகினார்கள், அவர்கள் வாங்கும் பொருள்கள் பெருகின, அவற்றோடு அவர்கள் கழித்துப்போடும் பொருள்களும் பெருகின. அந்தக் கழிபொருளை நம்பி உயிர் வாழும் மக்களைப் பற்றியும், அவர்களுக்கு நாம் செய்யத்தக்க தொண்டைப் பற்றியும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் மாலை, என்னிடம் பயின்ற மாணவி ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். அப்போது அவர் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தார். "ஐயா, கோடை விடுமுறையில் கம்போடியாவுக்குப் போகலாம் என்று இருக்கிறேன். அங்கே குப்பை மேட்டில் வேலை செய்து பிழைக்கும் குடும்பங்களுக்கு இரண்டு வாரம் தொண்டு செய்ய வேண்டும். தாங்கள் ஒரு நற்சான்றுக் கடிதம் தரவேண்டும்" என்று கேட்டார்.

"நல்ல எண்ணம், அம்மா. ஆனால் எனக்கு ஒரு வாரம் தவணை கொடு" என்றேன்.

கடிதம் எழுத ஒரு வாரம் வேண்டுமா என்று அவர் வியந்திருக்கக்கூடும். இளையோரின் நல்லெண்ணத்தைத் தடுப்பது ஆசிரியனுக்கு அழகன்று. எனினும், அதே போன்ற ஒரு தொண்டை நான் ஒருமுறை தவறாகச் செய்தவன். அந்தத் தவறைச் சொல்லாமல் கடிதத்தை மட்டும் எழுதிக் கொடுக்க என் மனம் இசையவில்லை. அத்தவற்றை உங்களுக்கும் சொல்வேன். அதற்கு முன், குப்பை மேடு என்பது யாது, அங்கே ஒரு குடும்பம் எவ்வாறு பிழைக்கிறது என்பவற்றை அறிந்துகொள்வது நலம்.

சென்னை மாநகரம் நாளொன்றுக்கு ஐயாயிரம் டன்னுக்கு மேற்பட்ட குப்பையைக் கழிக்கிறது. அது பல ஆண்டுகளாக இரண்டு இடங்களுக்கே பெரும்பாலும் போய்ச் சேர்ந்தது. ஒன்று வடசென்னையில் உள்ள கொடுங்கையூர். மற்றொன்று தெற்கே உள்ள பெருங்குடி. பெருங்குடிக் கிடங்கு எங்கள் படூரிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் இருப்பது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஒரு பகுதியிலேயே அது அமைந்தது. தொலைநாட்டுப் பறவைகள் வந்து தங்கும் அந்தச் சதுப்பு நிலம், 2022-ஆம் ஆண்டில் ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய ஈரநிலமாக ஏற்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் மாதத்தில், பக்கத்திலிருந்த குப்பை மேடு தீப்பற்றி எரிந்து, சுற்றுப்புறம் முழுவதும் புகை மண்டியது.

குப்பை ஏன் தானே தீப்பற்ற வேண்டும்? இதற்கு விடை உங்கள் அறிவியல் பாடத்திலேயே இருக்கிறது. நம் வீட்டுக் குப்பையில் ஏறத்தாழப் பாதி, சோறு, காய்கறித் தோல், பழத்தோல், இலை முதலிய மக்கும் பொருள்கள். இவை காற்றுப் படும்படி கிடந்தால் மண்ணாகிவிடும். மலைபோல் குவிந்து, காற்றுப் புகாமல் அழுத்தப்பட்டால், உள்ளே வாழும் நுண்ணுயிர்கள் மீத்தேன் என்னும் எரியும் வாயுவை உண்டாக்குகின்றன. வெயில் காலத்தில் ஒரு பொறி போதும். மழைக்காலத்திலோ, குப்பையினூடே இறங்கும் நீர் நஞ்சுகளைக் கரைத்துக்கொண்டு நிலத்தடி நீரில் கலக்கிறது. இந்த இரு தீமைகளுக்கும் வேர் ஒன்றே: மக்கும் பொருளும் மக்காத பொருளும் ஒரே வாளியில் கலந்துவிட்டன.

இனி, அங்கே பிழைப்பவர்களைப் பார்ப்போம். விடியுமுன் கையில் ஓர் இரும்புக் கொக்கி, தோளில் ஒரு கோணிப்பை. லாரி வந்து கொட்டியதும் கொக்கியால் கிளறி, தாள், அட்டை, பிளாஸ்டிக் பாட்டில், இரும்பு, அலுமினியம், செம்புக் கம்பி என்று தேடி எடுப்பார்கள். பின்னர் ஒரு நிழலில் உட்கார்ந்து இனம் பிரிப்பார்கள். பிரித்ததைக் காயலான் கடைக்குக் கொண்டுபோய் எடைக்குப் போடுவார்கள். அங்கிருந்து அது பெரிய வணிகருக்கும், அவரிடமிருந்து ஆலைக்கும் போகும். நீங்கள் எழுதும் அட்டையும், உங்கள் வீட்டு வாளியும் அவ்வாறு மறுபிறவி எடுத்தவையாக இருக்கக்கூடும். ஆலைகளுக்கு மூலப்பொருள் தேடித் தரும் இத்தொழிலாளருக்கு மாதச் சம்பளம் இல்லை, விடுப்பு இல்லை, காயம்பட்டால் இழப்பீடு இல்லை.

இங்கே ஒரு கணக்கை நீங்கள் கவனிக்க வேண்டும். உலர்ந்த தாளுக்கு ஒரு விலை. குழம்பும் சோறும் பட்டு நனைந்த தாளுக்கு விலையே இல்லை. தூய பாட்டிலுக்கு ஒரு விலை. அழுக்குப் பாட்டிலுக்குக் குறைந்த விலை. ஆகவே, ஒரு வீட்டார் எச்சிலையும் தாளையும் ஒன்றாகக் கட்டிப் போடும்போது, அறியாமலே ஓர் ஏழைத் தாயின் அன்றைய கூலியில் ஒரு பகுதியை அழித்துவிடுகிறார்கள்.

கூலி மட்டுமா? சில வேளைகளில் உயிரே போய்விடுகிறது. பிலிப்பைன்ஸ் நாட்டுத் தலைநகரான மணிலாவை அடுத்த கேசோன் நகரில் பயாதாஸ் என்னும் குப்பை மலை இருந்தது. 2000-ஆம் ஆண்டு ஜூலை 10-ஆம் நாள், கனமழைக்குப் பின் அம்மலை சரிந்து அடிவாரத்துக் குடிசைகளை மூடியது. இருநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நமக்கு அண்மையிலுள்ள இலங்கையிலும் இத்தகைய கொடுமை நிகழ்ந்தது. கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில், 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டன்று, குப்பை மேடு சரிந்து வீடுகள்மேல் விழுந்ததில் முப்பதுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இவற்றையெல்லாம் கேட்கும் இளைஞருக்கு உள்ளம் இளகுவது இயல்பு. உடனே ஏதேனும் கொடுக்க வேண்டும் என்று தோன்றும். எனக்கும் அவ்வாறுதான் தோன்றியது. என் தவற்றை இப்போது சொல்கிறேன்.

2012-ஆம் ஆண்டில் நான் ஓர் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியனாக இருந்தேன். காந்தியடிகள் பிறந்தநாளை ஒட்டி, இருபது மாணவர்களை அழைத்துக்கொண்டு, குப்பை பொறுக்கிப் பிழைப்பவர் வாழும் ஒரு குடிசைப் பகுதிக்குச் சென்றேன். ஆளுக்கு இரண்டு குறிப்பேடு, ஒரு பென்சில், ஒரு பொட்டலம் இனிப்பு. குழந்தைகளை வரிசையாக நிறுத்திக் கொடுத்தோம், புகைப்படமும் எடுத்துக்கொண்டோம். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. புறப்படும் வேளையில் ஓர் அம்மையார் என் அருகே வந்தார். அவர் வலக்கையில் அழுக்கேறிய துணியால் ஒரு கட்டு.

"நோட்டு நல்லாத்தான் இருக்குது, சார். ஆனா இதை வச்சிக்கிட்டு பிள்ளைங்க எந்தப் பள்ளிக்கூடத்துல எழுதும்?" என்றார். பிறகு கட்டுப்போட்ட கையைக் காட்டி, "உங்க பிள்ளைங்க வீட்டுல கண்ணாடி உடைஞ்சா, தனியா ஒரு காகிதத்துல சுத்திப் போடச் சொல்லுங்க. அது போதும்" என்றார்.

அவர் குரலில் சினம் இல்லை. அதனாலேயே அந்தச் சொற்கள் என்னை மிகவும் வருத்தின. குழந்தைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை உள்ள எந்தக் குழந்தையையும், பிறப்புச் சான்றிதழ் இல்லை என்ற காரணத்தால் பள்ளியில் சேர்க்க மறுத்தல் கூடாது. இடையில் படிப்பை விட்ட குழந்தையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப்பயிற்சி அளிக்க வேண்டும் என்பது அச்சட்டம். இதை ஆசிரியர் கூட்டங்களில் எடுத்துரைத்தவனே நான். ஆனால் அன்று என்முன் நின்ற குழந்தைகளில் எத்தனை பேர் பள்ளிக்குப் போகிறார்கள் என்று நான் ஒருவரையும் கேட்கவில்லை. பள்ளியில்லாக் குழந்தைக்குக் குறிப்பேடு கொடுத்துவிட்டுத் திரும்பினேன். என் மாணவர்கள் வீட்டில் உடைந்த கண்ணாடி எங்கே போகிறது என்பதும் எனக்குத் தெரியாது. தலைமையாசிரியனாகிய என்னால் செய்யக்கூடியவை இரண்டு இருந்தன. அந்த இரண்டையும் விட்டுவிட்டு, யாராலும் செய்யக்கூடிய மூன்றாவது ஒன்றைச் செய்தேன்.

கேளாமல் கொடுப்பது எளிது. கேட்டறிந்து செய்வதே தொண்டு. இதுவே நான் கற்ற பாடம். உலகில் இத்துறையில் நிலைத்த பணி செய்தவர்களின் வரலாறும் இதையே காட்டுகிறது.

பெல்ஜியம் நாட்டில் 1908-ஆம் ஆண்டு பிறந்த சகோதரி எம்மானுவேல் என்னும் துறவி, துருக்கி, துனீசியா, எகிப்து ஆகிய நாடுகளில் நெடுங்காலம் ஆசிரியையாகப் பணியாற்றினார். ஓய்வு பெறும் வயதில், 1971-ஆம் ஆண்டில், எகிப்தின் தலைநகரான கெய்ரோவில் குப்பை சேகரிக்கும் மக்கள் நடுவே ஒரு குடிசையில் குடியேறினார். இரண்டு வாரமன்று, ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகள் அம்மக்களோடு வாழ்ந்தார். அவர்கள் உண்பதை உண்டு, அவர்கள் குறையைக் கேட்டு, குழந்தைப் பள்ளியும் மருத்துவ உதவியும் ஏற்படுத்தினார்.

கம்போடியாவின் தலைநகரான புனோம்பென்னில் ஸ்துங் மியான்செய் என்னும் குப்பை மேடு இருந்தது. அது 2009-இல் மூடப்பட்டது. 1990-களின் நடுவில் அங்கே சென்ற கிறிஸ்தியான் தே பாலியேர், மாரி பிரான்ஸ் என்னும் பிரெஞ்சுத் தம்பதியர், குப்பையில் உழலும் சிறுவரிடம், 'உங்களுக்கு என்ன வேண்டும்?' என்று கேட்டனர். உணவும் பள்ளியுமே சிறுவர் வேண்டியவை. முதலில் ஒருவேளை உணவு தரும் குடிலை அமைத்தனர். பின்னர் பள்ளி தொடங்கினர். பிள்ளை பள்ளிக்கு வந்தால் குடும்பத்தின் வருமானம் குறையுமே! அக்குறைவுக்கு ஈடாக அரிசி கொடுத்தனர். கேட்டறிந்து செய்வதன் நுட்பம் இதுவே. பெற்றோர் ஏன் அனுப்பவில்லை என்று பழிக்காமல், அனுப்புவதற்கு என்ன தடை என்று ஆராய்ந்தார்கள்.

நம் நாட்டிலேயே ஒரு சிறந்த எடுத்துக்காட்டு உண்டு. புனே நகரில், எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தின் முதியோர் கல்வித் துறையினர், குப்பை பொறுக்கும் சிறுமியர்க்கும் மகளிர்க்கும் எழுத்தறிவு புகட்டச் சென்றனர். அம்மகளிரோடு பழகியபோது, எழுத்தறிவுக்கு முன் அவர்கள் வேண்டுவது, தெருத்தொட்டியில் கையை விடாமல் வீடுகளிலிருந்தே பிரித்த பொருளைப் பெறும் வழி என்று உணர்ந்தனர். அதன் பயனாக, 1993-இல் அத்தொழிலாளர்க்கு ஒரு சங்கம் உருவாயிற்று. அடையாள அட்டைகள் வழங்கப்பட்டன. 2007-இல் 'ஸ்வச்' என்னும் கூட்டுறவு அமைப்புத் தோன்றியது. அதன் உறுப்பினர்கள் மாநகராட்சியுடன் உடன்பாடு செய்துகொண்டு, வீடுவீடாகச் சென்று பிரித்த குப்பையைப் பெறுகிறார்கள். அதற்கு வீட்டார் கட்டணம் செலுத்துகிறார்கள். எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போனவர்கள் முதலில் தாமே மாணவராயினர்.

இதற்கு மாறாக, கேளாமல் செய்த சீர்திருத்தத்தின் விளைவையும் சொல்லவேண்டும். கெய்ரோ நகரத்தார் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அயல்நாட்டு நிறுவனங்களிடம் குப்பை அள்ளும் பொறுப்பை ஒப்படைத்தனர். தலைமுறை தலைமுறையாக வீட்டுப்படி ஏறிக் குப்பை வாங்கி, அதில் பெரும்பகுதியை மீண்டும் பயன்படும் பொருளாக்கி வந்த மக்கள் ஒதுக்கப்பட்டனர். 2009-இல் பன்றிக்காய்ச்சல் அச்சத்தால், அம்மக்கள் வளர்த்த பன்றிகளும் கொல்லப்பட்டன. நகரத்தின் உணவுக் கழிவைத் தின்று தீர்த்தவை அப்பன்றிகளே! அவை போனபின் தெருக்களில் கழிவு தேங்கி நாறியது.

இதனை நான் இன்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் பழைய குப்பையை அகழ்ந்து, சலித்து, மண்ணையும் கல்லையும் பிளாஸ்டிக்கையும் வேறுபடுத்தி, நிலத்தை மீட்கும் பணி அண்மை ஆண்டுகளில் மேற்கொள்ளப்பட்டிருக்கிறது. இது மிக நல்ல பணி. சதுப்பு நிலத்துக்கும் சுற்றுப்புற மக்களின் நுரையீரலுக்கும் இன்றியமையாத பணி. ஆனால் மேடு மறையும்போது, அம்மேட்டை நம்பிய குடும்பம் எங்கே போகும் என்பதும் நம் கேள்வியாக இருக்கவேண்டும். ஒன்றிய அரசு 2016-இல் வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பை பொறுக்குவோரை உள்ளாட்சி அமைப்புகள் இனங்கண்டு, சேகரிக்கும் பணியில் இணைத்துக்கொள்ள வேண்டும் என்று கூறின. வீட்டார் குப்பையைப் பிரித்தே தரவேண்டும் என்றும் அவை விதித்தன. இவ்விரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை. நாம் பிரித்துக் கொடுத்தால்தான் அவர்களுக்கு மேட்டை விட்டு வெளியே ஒரு மதிப்புள்ள தொழில் கிடைக்கும்.

மாணவர்களே, நீங்கள் செய்யத்தக்கவை எவை? பெருஞ்செலவு வேண்டாத நான்கினைச் சொல்கிறேன்.

முதலாவது, உங்கள் வீட்டில் மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் தனித்தனி வாளியில் இடுங்கள். பால் கவரையும் பாட்டிலையும் ஒருமுறை நீரில் அலசி உலர்த்துங்கள். உடைந்த கண்ணாடி, சவர அலகு, மருந்தூசி ஆகியவற்றைத் தடித்த தாளில் சுற்றி, மேலே பெரிய எழுத்தில் எழுதித் தனியே கொடுங்கள்.

இரண்டாவது, உங்கள் தெருவுக்கு வரும் தூய்மைக் காவலரையும், கோணிப்பையோடு வருபவரையும் 'ஐயா', 'அம்மா' என்று அழையுங்கள். கோடையில் ஒரு செம்பு தண்ணீர் கொடுங்கள். மரியாதைக்குச் செலவில்லை.

மூன்றாவது, பள்ளிக்குப் போகாத குழந்தையைக் கண்டால், உங்கள் ஆசிரியரிடம் சொல்லுங்கள். சான்றிதழ் இல்லை என்று அந்தத் தாய் அஞ்சி நிற்கலாம். சட்டம் அவர் பக்கம் இருக்கிறது என்பதைச் சொல்ல ஒருவர் வேண்டும்.

நான்காவது, கல்லூரி மாணவர்க்கு உரியது. 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் பணி செய்ய வேண்டும் என்பது முறை. அந்நேரத்தில் ஒரு பகுதியை வாரந்தோறும் ஒரே இடத்தில், ஒரே குழந்தைகளுக்குக் கொடுங்கள். ஒருநாள் வந்து இனிப்புக் கொடுத்து மறைபவரைக் குழந்தை விரைவில் மறந்துவிடும். அல்லது மறக்க முடியாமல் ஏங்கும். இரண்டும் நன்றன்று. அவர்கள் இசைவின்றிப் புகைப்படம் எடுக்காதீர்கள். வறுமை காட்சிப் பொருளன்று.

திருக்குறளில் 'ஈகை' என்னும் அதிகாரத்துக்கு முன்னால் 'ஒப்புரவறிதல்' என்னும் அதிகாரம் நிற்கிறது. இதைப் பலமுறை வகுப்பில் வரிசையாக ஒப்பித்திருக்கிறேன்; அந்த அம்மையாரைக் கண்டபின்னரே வரிசையின் பொருளை எண்ணிப் பார்த்தேன். கொடுப்பதற்கு முன், நாம் யாரோடு சேர்ந்து வாழ்கிறோம், அவர்க்கு நாம் பட்ட கடமை யாது என்பதை அறிதல் வேண்டும். ஒப்புரவு என்று மட்டும் சொல்லாமல், ஒப்புர'வறிதல்' என்று பெயர் அமைந்திருப்பதும் எண்ணத்தக்கது.

என்னிடம் கடிதம் கேட்ட மாணவியை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். ஒரு வாரம் கழித்து அவர் வந்தபோது, 2012-ஆம் ஆண்டு நிகழ்ச்சியை அவரிடம் கூறினேன். பின் இருவரும் நடந்தே சென்றோம். எங்கள் ஊரை அடுத்து, சாலையோரக் காயலான் கடைக்குப் பின்னால், அடுக்குமாடிகளின் கழிபொருளைப் பொறுக்கிப் பிழைக்கும் ஆறு குடும்பங்கள் குடியிருந்தன. அவ்வழியே நாள்தோறும் பேருந்தில் போய்வந்தும் அவர்களை அவர் கண்டதில்லை. உண்மையைச் சொன்னால், நானும் கண்டதில்லை. எதையும் கொடுக்காமல், அவர்களோடு பேசிவிட்டு மட்டும் திரும்பினோம்.

அதன்பின் அவர் ஞாயிறுதோறும் அங்கே சென்றார். இரண்டு பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க நானும் உடன் சென்றேன். ஒரு பையன் தொடர்ந்து படிக்கிறான். மற்றொரு சிறுமியின் குடும்பம் வேறூருக்குப் போய்விட்டது. அவள் எங்கே படிக்கிறாள், படிக்கிறாளா என்பது எங்களுக்குத் தெரியவில்லை. தொண்டில் இத்தகைய துன்பமும் உண்டு என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

இவ்வாண்டு அவர் மீண்டும் கடிதம் கேட்டார். உடனே எழுதிக் கொடுத்தேன். கம்போடியாவில் இப்போது அவர் என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். நீங்களும் எந்த நாட்டுக்கேனும் தொண்டு செய்யச் செல்லுங்கள், தடையில்லை. ஆனால் புறப்படுமுன், உங்கள் வீட்டுக் கண்ணாடித் துண்டு யார் கையில் போய்ச் சேருகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டுச் செல்லுங்கள்.